புதுப்பிப்பு: மிச்சிகன் ஸ்டேடியத்தில் காரை எங்கே விடுவது என்று கேட்டிருந்தேனே

மிச்சிகன் ஸ்டேடியம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் முதல் முறையாகக் கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கக் கால்பந்துதான்) பார்க்கப் போகிறோம், காரை எங்கே நிறுத்துவது, டெயில்கேட்டிங்குக்கு (ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்திய இடத்திலேயே சமைத்துச் சாப்பிடுவது) என்ன எடுத்துப் போவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று போய் வந்துவிட்டோம், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆட்டம் 12 மணிக்கு. நீங்கள் சொன்னபடியே காலை 8 மணிக்கெல்லாம் போய்விட்டதால் கோல்ஃப் மைதானப் புல்வெளியில் நல்ல இடமாகக் கிடைத்தது. 1,07,601 பேர் உட்காரும் ஸ்டேடியம் அது, பத்து மணிக்கு மேல் வந்த கார்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் உங்கள் அவசரம் புரிந்தது.

அப்புறம் அடுப்புக் கரி. இதை யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். சிக்கன் சுட்டு முடித்ததும் மேலே சாம்பல் பூத்திருந்தது, அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்துக் கார் பெரியவர் இடுக்கியால் கிளறிக் காட்டினார், உள்ளே செக்கச்செவேலென்று கனல்! தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் எங்களை உள்ளே போகவிட்டார். காய்ந்த புல், சுற்றிலும் பெட்ரோல் வண்டிகள், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் வண்டியை எடுக்கவில்லை. மீதி எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினோம், சாலை காலியாக இருந்தது.