பழைய கைப்பேசி மடிக்கணினியில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களை எடுக்க வேண்டும்

செங்காங்_தாமரை (வியாழன், இரவு 10:42)
வணக்கம். என்னுடைய பழைய கைப்பேசியை மடிக்கணினியுடன் இணைத்தால் மின்னூட்டம் மட்டும் ஏறுகிறது. கணினியில் எதுவும் தெரிவதில்லை. இரண்டையும் மூன்று முறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். 2024-இல் சிங்கப்பூரில் 3ஜி சேவை நிறுத்தப்பட்ட பிறகு அழைப்புக்கு உதவாமல் போன அந்தக் கைப்பேசி, எங்கள் வீட்டில் காலையில் அலாரம் அடிப்பதற்கு மட்டுமே இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மற்றப் பழைய பொருள்களோடு அதையும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மகள் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த நாள், சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்பட்ட அன்று என் அப்பா அங்கே நின்ற படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. என்ன செய்வது? அவசரம்.

பிடோக்_காற்று (வியாழன், இரவு 10:58)
சகோதரி, உதவ வேண்டுமானால் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. கைப்பேசி எந்த வகை, அதில் இருக்கும் ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, மடிக்கணினி விண்டோஸா மேக்கா, வடத்தைச் செருகும்போது கணினியிலிருந்து ஒலி ஏதும் கேட்கிறதா? மேக் கணினி என்றால் அது ஆண்ட்ராய்டுக் கைப்பேசியைத் தானாக அடையாளம் காணாது. அதற்குத் தனிச் செயலி ஒன்றை நிறுவ வேண்டியிருக்கும்.

வடக்கு_வாசல் (வியாழன், இரவு 11:15)
வடம். இந்தக் கேள்வி மாதத்திற்கு இரண்டு முறை இங்கே வருகிறது. பதிலும் ஒவ்வொரு முறையும் இதேதான். கேட்பதற்கு முன்பு பழைய உரையாடல் இழைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. அம்மணி, உங்களிடம் இருப்பது மின்னூட்டத்திற்கு மட்டுமே பயன்படும் வடம். வேறு வடம் வாங்குங்கள்.

யீஷூன்_தச்சர் (வியாழன், இரவு 11:31)
வடத்தைக் குறை சொல்வதற்கு முன்பு கைப்பேசியின் துளையைப் பாருங்கள். பல ஆண்டுகள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடந்த கைப்பேசியின் துளைக்குள் நூலும் தூசியும் அழுந்திப் போய் ஒரு சிறு பஞ்சு மூட்டையே இருக்கும். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசியைக் கண்டிப்பாகப் பயன்படுத்தாதீர்கள். என் வீட்டில் ஐந்து கைப்பேசிகளை இப்படித்தான் காப்பாற்றினேன்.

பூன்லே_பயணி (வெள்ளி, காலை 7:20)
திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்துப் பார்த்தீர்களா? ஆண்ட்ராய்டு 6.0 முதல், கணினியில் செருகிய உடனே கைப்பேசி மின்னூட்டத்தை மட்டுமே ஏற்கும். தன் கோப்புகளைக் காட்டாது. யாரோ ஒருவருடைய கணினியில் மின்னூட்டத்திற்காகச் செருகினால் நம் படங்கள் அங்கே திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அறிவிப்புப் பட்டியலில் யூஎஸ்பி பற்றிய வரியைத் தட்டினால், கோப்புப் பரிமாற்றம் என்ற தேர்வு வரும். அதைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது திரைப்பூட்டு திறந்திருக்கட்டும்.

செங்காங்_தாமரை (வெள்ளி, பிற்பகல் 12:48)
எல்லாருக்கும் நன்றி. விண்டோஸ் 10. கைப்பேசி ஆண்ட்ராய்டு 6.0. ஒலி எதுவும் வருவதில்லை. மேலிருந்து இழுத்தால் மின்னூட்டம் ஏறுகிறது என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் தேர்வு இல்லை. வடம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இரண்டு வெள்ளிக்கு வாங்கியது. பல்குச்சியால் சுரண்டியதில் கொஞ்சம் தூசி வந்தது, பலன் இல்லை.

வடக்கு_வாசல் (வெள்ளி, பிற்பகல் 12:55)
இரண்டு வெள்ளி வடம் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேருடைய நேரம் மிஞ்சியிருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யூஎஸ்பி 2.0 வடத்திற்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: மின்சாரத்திற்கு இரண்டு, தரவுக்கு இரண்டு. மலிவாகச் செய்யப்படும் சில வடங்களில் தரவுக் கம்பிகள் இரண்டையும் வைப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. அத்தகைய வடத்தால் இணைத்தால் எதிரே இருப்பது கணினியா சுவரில் மாட்டிய மின்னூட்டியா என்பதுகூடக் கைப்பேசிக்குத் தெரியாது. ஆகவே கோப்புப் பரிமாற்றம் என்ற தேர்வையே அது காட்டாது. கணினியில் ஒலி எழாததும் அதே காரணத்தால்தான்.

யீஷூன்_தச்சர் (வெள்ளி, பிற்பகல் 1:10)
துளையின் நடுவில் இருக்கும் தரவு முனைகளைத் தூசி மூடினாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும். ஓரத்து மின்முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்னூட்டம் ஏறத்தான் செய்யும். கொஞ்சம் தூசி வந்தது என்கிறார். இன்னும் உள்ளே இருக்கலாம்.

செங்காங்_தாமரை (வெள்ளி, இரவு 9:37)
மகளின் பழைய ஒளிப்படக் கருவிக்கு வந்த வடம் பொருந்தியது. இப்போது ஒலி வருகிறது, தேர்வும் வந்தது, கோப்புப் பரிமாற்றத்தைத் தட்டினேன். கணினியில் கைப்பேசியின் பெயரும் வந்துவிட்டது. ஆனால் திறக்க முடியவில்லை. ஏதோ ஒரு செய்தி வருகிறது. நாளை மறுநாள் ஞாயிறு.

பூன்லே_பயணி (வெள்ளி, இரவு 9:50)
ஏதோ ஒரு செய்தி என்றால் எப்படி? அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்துப் பிசகாமல் தாருங்கள். கோப்புறை வெறுமையாகத் திறக்கிறதா, அல்லது திறக்கவே மறுக்கிறதா? வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் திரைப்பூட்டுதான் காரணம். மறுத்தால் கதை வேறு.

பிடோக்_காற்று (வெள்ளி, இரவு 10:04)
இயக்கியாகவும் இருக்கலாம், அதாவது கைப்பேசியோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருள். சாதன மேலாளரைத் திறந்து, கைப்பேசியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு, வடத்தைக் கழற்றி மறுபடியும் செருகினால் விண்டோஸ் இயக்கியைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன்: உங்கள் விண்டோஸின் பெயரோடு N என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? ஐரோப்பியச் சந்தைக்கான அந்தப் பதிப்பில் ஊடகக் கூறுகள் இருக்காது. அவற்றைத் தனியாக நிறுவும்வரை கைப்பேசியின் கோப்புகளைப் படிக்க முடியாது. இங்கே அரிதுதான், ஆனாலும் வெளிநாட்டில் வாங்கிய கணினியாக இருந்தால் கவனிக்க வேண்டும்.

மேகம்_மேய்ப்பவர் (வெள்ளி, இரவு 10:22)
இந்தக் காலத்தில் வடத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, படங்களைக் கூகள் போட்டோஸில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எல்லாம் மேகத்தில் இருக்கும்.

வடக்கு_வாசல் (வெள்ளி, இரவு 10:30)
எண்ணற்ற படங்களை இலவசமாக ஏற்றலாம் என்பது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துபோன கதை. இப்போது கிடைப்பது 15 ஜிபி. அதையும் மின்னஞ்சலோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மேலும், புதுப்பிப்பு நின்றுபோன ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒவ்வொன்றாக வேலை செய்ய மறுக்கத் தொடங்கும். இவ்வளவு இடர்களும் எதனால்? பழைய கைப்பேசிகள் விரல்நகக் கோல் (யூஎஸ்பியில் செருகும் சிறு சேமிப்பான்) போலவே கணினியில் ஓர் இயக்ககமாகத் தோன்றின. செருகினோம், இழுத்துப் போட்டோம், முடிந்தது. அந்த எளிமையைக் கெடுத்து எம்டிபி (MTP) என்ற கோப்புப் பரிமாற்ற முறையை, அந்தத் தலைவலியைக் கொண்டுவந்தார்கள்.

பூன்லே_பயணி (வெள்ளி, இரவு 10:51)
இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் புகழும் பழைய முறையில், கணினி கைப்பேசியின் சேமிப்பகப் பகுதி முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும்; அது இணைந்திருக்கும் நேரத்தில் கைப்பேசியால் தன் படங்களையே திறக்க முடியாது, அந்தப் பகுதியில் வைத்த செயலிகளும் இயங்கா. நடுவில் வடத்தை உருவினால் கோப்பு அமைப்பே சிதைந்துபோகும் அபாயமும் இருந்தது. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-இல் எம்டிபி வந்தபோது சேமிப்பகம் கைப்பேசியின் பொறுப்பிலேயே நின்றது. கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்க, கைப்பேசி எடுத்துக் கொடுக்கிறது. செயலிகளுக்கு ஒரு பகுதி, படங்களுக்கு ஒரு பகுதி என்று நினைவகத்தைத் துண்டு போட வேண்டிய தேவையும் அதனால்தான் ஒழிந்தது.

வடக்கு_வாசல் (வெள்ளி, இரவு 11:02)
ஒவ்வொரு கோப்பாக எடுத்துக் கொடுக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான்காயிரம் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால், காப்பிக்கடைக்குப் போய்த் தே-ஓ குடித்துவிட்டுத் திரும்பலாம். அப்போதும் பட்டியல் பாதிதான் வந்திருக்கும்.

பூன்லே_பயணி (வெள்ளி, இரவு 11:08)
மெதுவானது என்பதை மறுக்கவில்லை. படங்கள் சிதைவதைவிட மெதுவாக வருவது மேல்.

மேகம்_மேய்ப்பவர் (வெள்ளி, இரவு 11:12)
மேகத்தில் இரண்டு தொல்லையும் இல்லை.

தேக்கா_திண்ணை (சனி, காலை 8:15)
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: அந்த மடிக்கணினி யாருடையது, அம்மா? உங்களுடையதா, அலுவலகம் கொடுத்ததா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வடமும் கைப்பேசியின் தேர்வும் சரியாக அமைந்து, கணினியில் பெயரும் தோன்றிய பிறகு, திறக்கும் இடத்தில் மட்டும் தடுக்கப்படுவது பழுதின் அறிகுறியாக எனக்குத் தோன்றவில்லை. விண்டோஸில் நிறுவனங்களுக்கென்று குழுக் கொள்கை அமைப்புகள் உண்டு. அவற்றில் விரல்நகக் கோல், வெளி வட்டு, கைப்பேசி ஆகியவற்றைத் தனித்தனியே படிக்கவோ எழுதவோ விடாமல் தடுக்கலாம். நிறுவனத்தின் தரவு வெளியே போய்விடாமல் இருப்பதற்காகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் அதைப் பூட்டிவைக்கிறார்கள். அணுக அனுமதி மறுக்கப்பட்டது என்ற பொருளில் செய்தி வந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கணினியின் அமைப்புகள் பக்கத்தில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படி இருந்தால், இயக்கியை நீக்குவதும் துளையைச் சுரண்டுவதும் பயன் தரா. பூட்டைத் தாண்ட வழி தேடவும் வேண்டாம், வேலைக்கு ஆபத்து. எப்படியும் குடும்பப் படங்களுக்கு அலுவலகக் கணினி உரிய இடமன்று. பிள்ளைகளுடைய கணினியில் செருகிப் பாருங்கள்.

வடக்கு_வாசல் (சனி, காலை 8:40)
ஊகம். அவர் இன்னும் செய்தியையே சொல்லவில்லை.

யீஷூன்_தச்சர் (சனி, காலை 9:05)
இரண்டாவது முறையாகத் துளையைச் சுத்தம் செய்தாரா என்பதையும் அவர் சொல்லவில்லை.

பிடோக்_காற்று (ஞாயிறு, காலை 10:30)
சகோதரி, என்ன ஆயிற்று? தொட்டியில் போட்டுவிட்டீர்களா? போடுவதற்கு முன்பு இரண்டைச் செய்ய மறக்காதீர்கள். முதலில் பாதுகாப்பு அமைப்பில் கைப்பேசியைக் குறியாக்கம் செய்துவிட்டு, அதன் பிறகே தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். அப்போதுதான் அழித்த பின்னும் எஞ்சும் துணுக்குகளை யாராலும் படிக்க முடியாது. மீட்டமைப்பதற்கு முன்பு உங்கள் கூகள் கணக்கையும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பூன்லே_பயணி (ஞாயிறு, மாலை 6:12)
படங்களை எடுக்க முடியாமல் போயிருந்தால் தயவுசெய்து போடாதீர்கள். தொட்டி அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

செங்காங்_தாமரை (செவ்வாய், இரவு 10:20)
தாமதத்திற்கு மன்னிக்கவும். அது அலுவலகத்து மடிக்கணினிதான்; அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்த செய்தியும் அனுமதி மறுக்கப்பட்டது என்பதுதான். சனிக்கிழமை இரவு மகளின் கணினியில் செருகியதும் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் மொத்தமாக நகலெடுக்கப் போனபோது இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. அதனால் இருநூறு இருநூறாக எடுத்தேன். விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது. அப்பாவின் படம் கிடைத்தது. கைப்பேசியை இன்னும் போடவில்லை, குறியாக்கம் நடந்துகொண்டிருக்கிறது. தேக்கா_திண்ணைக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி.

தேக்கா_திண்ணை (செவ்வாய், இரவு 10:41)
மகிழ்ச்சி, அம்மா. மகளின் கணினியில் மட்டும் வைத்திருக்காமல் வெளி வட்டு ஒன்றிலும் இன்னொரு நகல் எடுத்துவையுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகு மீட்டமையுங்கள்.

மேகம்_மேய்ப்பவர் (செவ்வாய், இரவு 10:52)
மூன்றாவது நகலை மேகத்தில் வைக்கலாம்.

வடக்கு_வாசல் (செவ்வாய், இரவு 11:03)
பாசார் மாலாம் வடத்தை மாற்றாமல் மகளின் கணினியில் செருகியிருந்தால் அங்கேயும் எதுவும் தெரிந்திருக்காது. வடம் என்று முதலில் சொன்னவர் யார் என்பதை நன்றியில் குறிப்பிட்டிருக்கலாம்.