‘நிலத்தார்’: உரிமையாளரையும் அனுபவிப்பவரையும் சேர்த்துக் குறிக்க ஒரு சொல்

அன்புடையீர்,

‘லேண்ட்ஹோல்டர்’ (landholder) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘நில உரிமையாளர்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சொந்தக்காரர், குத்தகைதாரர், விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்குப் பயிரிடுபவர், பத்திரம் ஏதுமின்றித் தலைமுறைகளாக அங்கேயே வாழ்பவர் ஆகிய அனைவரையும் தழுவ வேண்டிய இடத்தில் ‘உரிமையாளர்’ என்று எழுதினால், முதலாமவரைத் தவிர மற்ற எவருக்கும் அதில் இடமில்லாமல் போகிறது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வேளாண் கணக்கெடுப்பு வரையறை இதில் மிகத் தெளிவானது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு என்பதை அது பொருட்படுத்துவதில்லை. நிலத்தையும் பிற வளங்களையும் எப்படிப் பயன்படுத்துவது என்ற முக்கிய முடிவுகளை எடுப்பவர் யார் என்றே பார்க்கிறது. 2012இல் உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்றுக்கொண்ட நில அனுபவ வழிகாட்டுதல்களும், முறைப்படி பதிவாகாவிட்டாலும் நியாயமான உரிமைகளை மதிக்குமாறு அரசுகளைக் கேட்கின்றன.

மாற்றாக எண்ணத் தோன்றும் சொற்களைப் பார்ப்போம். ‘நிலக்கிழார்’ என்றால் பெருநிலக்காரர்தாம் நினைவுக்கு வருவார். ‘காணியாளர்’ அழகிய பழஞ்சொல்லே ஆயினும் வழிவழி உரிமையின் சாயல் அதில் அழுத்தமாகப் படிந்திருக்கிறது. ‘ஆக்கிரமிப்பாளர்’ என்பதை இந்தப் பொருளில் எங்குமே கையாளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது விசாரணைக்கு முன்பே குற்றம் சாட்டிவிடுகிறது. நிலத்தைக் கைவசம் வைத்து அனுபவிப்பவரைக் குறிக்கும் ‘அனுபவதாரர்’ நிலப் பதிவேடுகளில் பழகிய நல்ல சொல்; ஆனால் உரிமையாளருக்கு எதிரிணையாகவே அது வழங்குவதால், இருவரையும் அடக்கும் பொதுச்சொல்லாக ஆக முடியாது.

ஆகவே ‘நிலத்தார்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வீட்டார் என்னும்போது அந்த வீடு சொந்தமா வாடகையா என்று நாம் கேட்பதில்லை. ஊரார் என்னும்போதும் அவ்வாறே. நிலத்தோடு ஒருவருக்குள்ள தொடர்பை மட்டும் சொல்லி, அத்தொடர்பின் சட்டத் தகுதியை இச்சொல் திறந்தே வைக்கிறது. உரிமையாளர், குத்தகைதாரர், அனுபவதாரர் ஆகியவை இதன் உட்பிரிவுகளாக அப்படியே நீடிக்கலாம்.

கூலிக்கு உழைப்பவரும் நிலத்தாருள் அடங்கிவிடுவாரே என்ற ஐயம் நியாயமானது. சொல் மட்டும் அதைத் தீர்க்காது. ‘ஒரு நிலத்தைத் தம் கைவசம் வைத்து, அதன் பயன்பாட்டைத் தாமே முடிவு செய்பவர்’ என்ற வரையறையையும் அகராதிப் பதிவில் சேர்த்தே ஆக வேண்டும். ஒருமையில் ‘நிலத்தார் ஒருவர்’ என எழுதலாம். படிவங்களில் ‘நிலத்தார் பெயர்’ என்று கேட்டு, சொந்தம், குத்தகை, வாரம், பத்திரமற்ற அனுபவம் ஆகியவற்றுள் எது என்பதை அடுத்த வரியில் தனியாகக் கேட்பது பொருத்தமாக இருக்கும்.