கவிதா அக்கா வீட்டுக்கு வந்த பந்தய நாய்

குழு: நம் வீட்டு மக்கள்
ஞாயிறு மாலை

கவிதா அக்கா (மான்செஸ்டர்): [படம்] எல்லாரும் பாருங்கள், நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓய்வு பெற்ற பந்தய நாய், கிரேஹவுண்ட். சோபாவை அவளுக்கே கொடுத்துவிட்டோம்.

அம்மா: என்ன கவிதா, விலா எலும்பு தெரிகிறது? சரியாகச் சாப்பாடு போடவில்லையா அங்கே?

கவிதா அக்கா: இல்லை சித்தி, இந்த வகையின் உடல்வாகே அப்படித்தான். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதும் கடைசி விலாக்கள் லேசாகத் தெரியும். டாக்டர் பார்த்துவிட்டார், பிரச்சினை ஒன்றும் இல்லை.

பெரிய மாமா: நம் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இதே வாகுதானே? ஒட்டின வயிறு, இறங்கின நெஞ்சு, நீள மூஞ்சி. கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். மோப்பம் பிடித்துப் போகிற நாய்க்கு இந்த உடம்பு வராது.

பிரபு: காதுக்குள் ஏதோ எழுதியிருக்கிறதே அக்கா?

கவிதா அக்கா: பச்சை குத்தியிருக்கிறார்கள் பிரபு, அடையாளத்துக்கு. அயர்லாந்தில் பிறந்தவள். இங்கே ஓடுகிற நாய்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவைதான். பாவம், மாடிப்படி ஏறவே தெரியவில்லை. கென்னலிலேயே, அதாவது நாய்க் கொட்டடியிலேயே வளர்ந்திருக்கிறாள், படிக்கட்டைப் பார்த்ததே இல்லை போல. ஒவ்வொரு காலாகத் தூக்கிப் படியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம்.

பெரிய மாமா: இந்தப் பந்தயம் இங்கிலாந்தில் உன் ஊரில்தானே ஆரம்பித்தது?

கவிதா அக்கா: ஆமாம் மாமா, பெல் வ்யூ ஸ்டேடியம். 1926 ஜூலை 24. முதல் நாள் வந்த கூட்டம் 1,700 பேர்தான். முதல் பந்தயத்தில் ஜெயித்த நாய் மிஸ்ட்லி. சில வாரங்களில் கூட்டம் பல்லாயிரம் ஆகிவிட்டது. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே நடக்கும். இது ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில், ஊருக்குள்ளேயே. மில் வேலை முடிந்து நேராக வந்துவிடலாம்.

அம்மா: உயிருள்ள முயலையா விடுவார்கள்?

கவிதா அக்கா: இல்லை சித்தி, பொம்மை முயல். தண்டவாளம் மாதிரி ஒரு பாதையில் மின்சாரத்தில் ஓடும். அதற்கு முன்பு திறந்த வெளியில் நிஜ முயலை விட்டு இரண்டு நாய்களைத் துரத்த விடுவார்கள். அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர்தான் வட்டப் பாதையும் இயந்திர முயலும் வைத்து 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஒரு மைதானம் திறந்தார். லண்டன் பக்கம் ஹெண்டனில் 1876லேயே இயந்திர முயலை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நேர்கோட்டுப் பாதை, வேகமான நாய்தான் எப்போதும் ஜெயிக்கும். சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது. வளைவு வந்த பிறகுதான் இது விளையாட்டாகவே ஆனது.

பிரபு: பந்தய நாய்களிலேயே பெரிய ஆள் யார் அக்கா?

கவிதா அக்கா: மிக் தி மில்லர். சந்தேகமே இல்லை. இரு, விவரமாகச் சொல்கிறேன்.

கவிதா அக்கா: 1926இல் அயர்லாந்தில் கில்லீ என்ற கிராமத்தில், மார்ட்டின் பிராஃபி என்ற பங்குத்தந்தை வீட்டில் பிறந்த குட்டி. ஈற்றில் அதுதான் நோஞ்சான். கொஞ்சம் வளர்ந்து ஓட ஆரம்பித்த நேரத்தில் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது வந்தால் நாய் பிழைப்பதே அபூர்வம். டப்ளினில் ஷெல்போர்ன் பார்க் மைதானத்தில் ஆர்தர் கலனன் என்பவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். பிழைத்துவிட்டது!

கவிதா அக்கா: 1929இல் லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் டெர்பி, கிரேஹவுண்ட் பந்தயத்திலேயே பெரிய போட்டி. அங்கே ஒரு தகுதிச் சுற்றில் 525 கஜத்தை 29.82 வினாடியில் ஓடியது. அந்தத் தூரத்தை 30 வினாடிக்குள் முடித்த முதல் நாய் இதுதான். உடனே ஏலம் போட்டார் பாதிரியார். 800 கினிக்கு (அந்தக் கால ஆங்கிலப் பணம்) ஒரு லண்டன் புக்கி, அதாவது பந்தயச் சூதாட்டம் நடத்துபவர், எடுத்தார்.

பெரிய மாமா: புக்கிக்குக் கண் அல்லவா!

கவிதா அக்கா: இறுதிப் போட்டியில் முதல் வளைவிலேயே மோதல், மிக்கும் மாட்டிக்கொண்டது. பலட்டினஸ் என்ற நாய் முந்திக்கொண்டு போய்விட்டது. ஆனால் பந்தயம் செல்லாது என்று அறிவித்து மறுபடி ஓடவிட்டார்கள். மறுஓட்டத்தில் மிக் ஜெயித்தது. 1930இலும் டெர்பியை அதுவே ஜெயித்தது. இரண்டு முறை டெர்பி வென்ற முதல் நாய். நடுவில் தொடர்ந்து 19 வெற்றி.

பிரபு: மூன்றாவது முறை?

கவிதா அக்கா: அதுதான் எனக்கு மனசே ஆறாத இடம். 1931. அப்போது அதற்கு ஐந்து வயது, பந்தய நாய்க்கு அது கிழ வயது. வேகம் குறைந்துவிட்டது, ஆனால் மூளை குறையவில்லை. மற்ற நாய்கள் வளைவில் முட்டி மோதும்போது இது எங்கே சந்து கிடைக்கும் என்று பார்த்து உள்ளே நுழையும். அன்றைக்கும் அப்படித்தான் முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது. கூட்டம் ஆரவாரம் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் வழியில் ரைலண்ட் ஆர் என்ற நாய் பக்கத்து நாயோடு சண்டை போட்டதால் ஓட்டம் செல்லாது என்று ஊதிவிட்டார்கள். சண்டை போட்ட நாயை நீக்கிவிட்டு மறுபடி ஓடு என்றார்கள்.

அம்மா: ஐயோ, அந்த வயசில் ஒரே ராத்திரியில் இரண்டு ஓட்டமா?

கவிதா அக்கா: அதேதான் சித்தி. இளம் நாய்கள் மூச்சு வாங்கி எழுந்துவிடும், இது என்ன செய்யும்? நான்காவதாக வந்தது. செல்டம் லெட் என்ற நாய் ஜெயித்தது. 1929இல் மிக்குக்கு முதல் டெர்பியைக் கொடுத்தது மறுஓட்டம், 1931இல் மூன்றாவதைப் பறித்ததும் மறுஓட்டம்.

பெரிய மாமா: விதிப்படி சரிதான். முதல் தடவை ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டாவது தடவையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கவிதா அக்கா: விதி சரிதான் மாமா, எனக்கும் புரிகிறது. ஆனால் எனக்கு மனசு அந்தக் கிழ நாயின் பக்கம்தான். அதே வருஷம் வெம்பிளியில் செயின்ட் லெஜர் பந்தயம், 700 கஜம், அதையும் ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வுக்குப் போனது. ஒரு சினிமாவில்கூட நடித்தது. 1939இல் இறந்த பிறகு பாடம் செய்து வைத்துவிட்டார்கள். இன்றும் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நான்: அக்கா, வெம்பிளி என்றதும் ஞாபகம் வருகிறது. 1966 உலகக் கோப்பையில் உருகுவே-பிரான்ஸ் ஆட்டம் மட்டும் ஒயிட் சிட்டியில் நடந்ததே, அதற்கும் நாய்ப் பந்தயம்தான் காரணம். வெள்ளிக்கிழமை வழக்கமான பந்தயத்தை நிறுத்த முடியாது என்று வெம்பிளி உரிமையாளர் சொல்லிவிட்டார்.

பிரபு: உலகக் கோப்பைக்காகக்கூடவா? நம்பவே முடியவில்லை.

நான்: ஜூலை 15. உருகுவே 2-1 என்று ஜெயித்தது.

பெரிய மாமா: மிக்கின் 19ஐ யாராவது தாண்டினார்களா?

கவிதா அக்கா: பாலிரீகன் பாப், 1986 டிசம்பர் 9, ஹோவ் மைதானம். தொடர்ந்து 32ஆவது வெற்றி. அமெரிக்காவின் ஜோ டம்ப் வைத்திருந்த 31ஐத் தாண்டியது. ஆரம்பத்தில் பின்தங்கி, பிறகு வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து பிடிக்கிற நாய். அதையும் டிரிங்கில்தான் வைத்தார்கள்.

அம்மா: எல்லாம் சரி, ஜெயிக்காத நாய்களை என்ன செய்வார்கள்?

கவிதா அக்கா: நீங்கள் கேட்டதுதான் சித்தி முக்கியமான கேள்வி. பல வருஷம் அதை யாரும் கேட்கவே இல்லை. நாய் நான்கு, ஐந்து வயதில் ஓட்டத்தை நிறுத்திவிடும், ஆயுளோ பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். மிச்ச வருஷங்களுக்கு யார் பொறுப்பு? வளைவில் கால் முறிந்தால் சிகிச்சை செலவு என்று கொன்ற காலமெல்லாம் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு இடமாக மூடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஃப்ளோரிடாவில் 2018இல் மக்களே ஓட்டுப் போட்டு 2020 முடிவோடு நிறுத்தினார்கள். நியூசிலாந்து 2024 டிசம்பரில் தடையை அறிவித்தது, வேல்ஸ் 2025இல். பெல் வ்யூகூட 2020இல் மூடிவிட்டது.

பெரிய மாமா: ஆனாலும் கவிதா, ராத்திரி பகலாக அந்த நோஞ்சான் குட்டியைப் பிழைக்க வைத்த மனுஷனும் பந்தயக்காரர்தானே.

கவிதா அக்கா: உண்மைதான் மாமா, நாயை உயிராக நினைத்த பந்தயக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் நாயின் கதி கையில் எடுத்தவரின் மனசைப் பொறுத்து இருக்கக் கூடாது.

அம்மா: மூடினால் அத்தனை நாயும் எங்கே போகும்?

கவிதா அக்கா: சீனாவின் மக்காவ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கேனிட்ரோம் என்ற நாய்ப் பந்தய மைதானம் 2018 ஜூலையில் மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் கென்னலிலேயே விடப்பட்டிருந்தன. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் இருந்து வாங்கி வந்தவை. அனிமா என்ற உள்ளூர் விலங்கு நல அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வீடு தேடியது. இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

அம்மா: அத்தனைக்கும் வீடு கிடைத்ததா?

கவிதா அக்கா: கிடைத்தது சித்தி. இங்கேயும் காத்திருக்கிற நாய்கள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் நாங்களும் விண்ணப்பம் போட்டோம். சரி, அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நாளைக்குப் படி ஏறுகிற வீடியோ எடுத்துப் போடுகிறேன்.