நரிப் பாத்திரத்தின் முகத்தை முக்கால் கோணத்தில் திருப்பினால் மூஞ்சி தனியாக நிற்கிறது

மனித உடலும் நரித் தலையும் கொண்ட ஒரு கதாபாத்திரத்தை வரைகிறேன். நேர்முகமும் பக்கவாட்டு முகமும் சரியாக வருகின்றன. தலையை முக்கால் கோணத்தில் (நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில்) திருப்பினால் மட்டும், நீண்ட மூஞ்சி, அதாவது முன்னே நீளும் மூக்கும் வாயும், உருண்டையில் பசை போட்டு ஒட்டிய டப்பா மாதிரி நிற்கிறது. தூரத்துக் கண் மூக்குத்தண்டின் மேலேறி மிதக்கிறது.

3 வாரமாக இதே சிக்கல். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் 3000 × 3000 பிக்சலில் வரைகிறேன். உடல் 6 தலை உயரம், மூஞ்சியின் நீளம் தலை உருண்டையின் விட்டத்தில் பாதி.

நடுக்கோட்டை நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை வளைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. தூரத்துக் கண்ணின் அகலத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் பயனில்லை. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை தொங்கியது. தாடை மூட்டைக் காதடிக்குத் தள்ளியதும் அது மட்டும் சரியானது. கேன்வாஸை இடவலமாகத் திருப்பினால் மூஞ்சி ஒரு பக்கம் சாய்வது பளிச்சென்று தெரிகிறது.

செந்நரிப் புகைப்படத்தின் மேல் கோடு இழுத்தால் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் முகபாவத்துக்காகக் கண்ணைப் பெரிதாக்கியதுமே, அதன் உள்மூலை மூக்குத்தண்டில் இடித்து மறுபடி கெடுகிறது. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பெரிய கண்ணை வைத்துக்கொண்டே, தூரத்துக் கண்ணின் உள்மூலையை மூக்குத்தண்டு மறைக்கும்படி விடவேண்டுமா, அல்லது தண்டின் அடியைக் குறுக்கி இரு கண்ணையும் முழுதாகக் காட்டவேண்டுமா?