வியா தெ லா பிளாட்டா: செவில்லா முதல் சலமன்கா வரை நடக்க யோசனை வேண்டும்

நெடுவழி:
ஏப்ரல் கடைசியில் ஸ்பெயினின் இந்த ரோமானியச் சாலையில் நடக்கத் திட்டம். நாளுக்கு 25 கி.மீ. என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தண்ணீரும் தங்குமிடமும் எங்கே இடிக்கும்? கல்பாவிய பாதைக்குக் கனமான பூட்ஸ் வேண்டுமா?

காட்டுப்பாதை:
நாளுக்கு 25 என்ற கணக்கு இங்கே செல்லாது. ஊர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிற்க முடியும். காஸ்டில்பிளாங்கோ – அல்மதேன் 29 கி.மீ. முதல் பாதி தார்ச்சாலை, பிறகு பெரொக்கால் காடு, நடுவில் கடையே கிடையாது. கால் ஓய்ந்த பிறகு, அல்மதேனுக்குச் சற்று முன்னால் கல்வாரியோ குன்றின் செங்குத்தான ஏற்றம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், விடியுமுன் புறப்பாடு.

அதைவிடக் கடினம் கார்கபோசோ – அல்தேயநுவேவா. சுமார் 38 கி.மீ., வழியில் ஊரே இல்லை. நடுவில் காப்பரா என்ற பழைய ரோமானிய ஊரின் இடிபாடுகள், நான்கு வாயில் வளைவு. ஒலிவா தெ பிளாசென்சியாவுக்கு விலகிப் போய்த் தங்கி, மறுநாள் தொடருங்கள். சில மைல் கூடும், கால் தப்பிக்கும். படுக்கைக்கு முந்தின நாளே போன் செய்துவிடுங்கள்.

மைல்கல்:
பூட்ஸ் வேண்டாம். ஊருக்கு வெளியே ரோமானியர் மேல்தளத்தில் பெரும்பாலும் சரளைதான் கொட்டி இறுக்கினார்கள். இன்று நடப்பதும் மண், சரளைப் பாதையில்தான். பான்யோஸ் தெ மோந்தமயோர் தாண்டி மேலேறும் இடத்தில் கல்பாவிய துண்டு உண்டு, நனைந்தால் வழுக்கும். அடிப்பாகம் தடித்த, அரை அளவு பெரிய, சீக்கிரம் உலரும் ஷூ போதும்.

வழியில் வரும் எக்ஸ்திரமதூரா மாநிலத்தில் வழிகாட்டுவது கருங்கல் கனசதுரங்கள். மஞ்சள் என்றால் நடைபாதை, பச்சை என்றால் பழைய ரோமானியச் சாலை. இரண்டும் பல இடங்களில் பிரியும். பச்சையை மட்டும் நம்பிப் போனால் வேலியில் முட்டி நிற்பீர்கள்.

காட்டுப்பாதை:
ஒன்று விட்டுப்போச்சு. வசந்தகால மழைக்குப் பிறகு ஓடைகளில் தாண்டுகற்கள் மூழ்கிவிடும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். பாதைக்கு இணையாகவே ஓடும் என்-630 சாலைக்கு ஏறிவிடலாம். மேய்ச்சல் நிலக் கதவுகளைக் கடந்ததும் மூடுங்கள், உள்ளே மாடும் பன்றியும் மேயும். காசர் தெ காசெரெஸ் தாண்டி அல்கந்தாரா நீர்த்தேக்கத்தருகே விடுதி உண்டு. திறந்திருக்கிறதா என்று காசரிலேயே கேளுங்கள். மூடியிருந்தால் அன்று கன்யவெரால் வரை 33 கி.மீ. நிழலில்லாமல் நடக்க வேண்டிவரும்.