பின்பக்கம் திறக்கும் ஸ்னோபோர்டு பைண்டிங்: ஆஃப்ரிஸ்கி போன்ற சிறு சரிவுக்கு வாங்கலாமா?

டர்பன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. கடந்த ஐந்து ஆண்டுகளாக, ஜூலை விடுமுறை வந்ததும் மகனை அழைத்துக்கொண்டு லெசோத்தோவிலுள்ள ஆஃப்ரிஸ்கிக்குச் சென்று ஸ்னோபோர்டில் சறுக்கி வருகிறேன். பூட்ஸ் மட்டும் சொந்தமாக வைத்திருக்கிறேன். பலகையையும், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். இதுவரை எனக்குக் கிடைத்தவை எல்லாம் கணுக்காலுக்கு ஒன்று, விரல்பகுதிக்கு ஒன்று என இரண்டு பட்டைகள் கொண்ட வழக்கமான பைண்டிங்குகளே.

அங்குள்ள முதன்மைச் சரிவின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஒன்றிரண்டு நிமிடங்களில் கீழே வந்துவிடுகிறோம். பிறகு பின்காலை விடுவித்து, பனியின் மேலேயே இழுத்துச் செல்லும் டி-பார் கம்பியைப் பற்றி மேலே சென்று, மீண்டும் பனியில் உட்கார்ந்து, கையுறையோடு பட்டையை இறுக்கும் ராட்செட்டை முடுக்கி எழுந்து நிற்க வேண்டும். ஒரு நாளில் இருபது முறை இப்படி உட்கார்ந்து எழுவதைத் தோப்புக்கரணக் கணக்கில் சேர்த்திருந்தால் பிள்ளையார் எப்போதோ மனமிரங்கியிருப்பார். மூன்றாண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் இடது முழங்கால்தான் இரங்கவில்லை. சறுக்கும்போது இடது காலையே முன்னால் வைக்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர், பின்பக்கமாகக் கால் நுழைக்கும் பைண்டிங் ஒரு ஜோடியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நின்றபடியே மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதானா? பிடிமானம் குறையுமா? பழைய பொருளை வாங்குவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

மலைப்பித்தன் (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

நான் ஆறு பருவங்களாக அந்த வகையையே பயன்படுத்தி வருகிறேன். ஆகவே என் கருத்து சற்றுச் சாய்ந்தே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகையைப் பரவலாக்கிய பெயர் ஃப்ளோ. 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பெயர் இப்போது சுவிட்சர்லாந்தின் நிடெக்கர் குழுமத்திடம் இருக்கிறது. கணுக்காலின் பின்னால் நிற்கும் ஹைபேக் கீல் வைத்த கதவுபோலப் பின்னால் சாய்கிறது. காலைச் செருப்பு மாட்டுவதுபோல நுழைத்து, ஹைபேக்கை நிமிர்த்தி, அதன் முதுகிலுள்ள லிவரை அழுத்திப் பூட்டுகிறோம். ஹைபேக்கை அடித்தட்டின் இரு பக்கங்களோடும் இணைக்கும் கேபிள் அப்போது விறைத்து, குதிகாலை அடித்தட்டின் பின்புறக் கிண்ணத்துக்குள் இறுக்கிப் பிடிக்கிறது. பட்டையின் இறுக்கத்தை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் அதைத் தொட வேண்டியதில்லை.

பிடிமானத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் சரியாக அமைக்காததால் வருவது. பாதத்தின் மேற்புறம் முழுவதையும் மூடும் அகலமான ஒற்றைப் பட்டை அழுத்தத்தைப் பரவலாகப் பகிர்ந்துகொள்வதால், கணுக்காலின் குறுக்கே கோடு போட்டதுபோல் வரும் வலி எனக்கு நின்றுவிட்டது. விரல்கள் மரத்துப்போவதும் குறைந்தது. எந்த நிறுவனத்தின் பூட்ஸாக இருந்தாலும், அளவு பொருந்தினால் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி.

நீண்ட சரிவுகள் உள்ள ஐரோப்பிய மலையில் அரை நிமிடச் சேமிப்பு ஒரு பொருட்டே அல்ல. ஆஃப்ரிஸ்கியில் இறங்கும் நேரமே அவ்வளவு குறைவு என்பதால், மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நேரம் நாளில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பைண்டிங் மிகவும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

இருபட்டைக்காரன் (கேப் டவுன்) எழுதியது:

மலைப்பித்தன் அண்ணன் சொன்னதில் தவறில்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம்.

முதலாவதாக, டி-பாரில் ஏறும்போது முன்கால் பூட்டியே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பின்கால் ஒன்றைத்தான் மாட்ட வேண்டும். பழகியவர் இரண்டு பட்டைகளையும் நின்றபடியே, குனிந்து, பத்துப் பதினைந்து விநாடிகளில் மாட்டிவிடுவார். மிச்சமாகும் நேரம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இராது.

இரண்டாவதாக, பின்பக்கம் திறப்பது என்றால் பின்னால் இடம் வேண்டும். செங்குத்தான இடத்தில் விழுந்து ஒரு கால் கழன்றுவிட்டால், பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து அதை மாட்ட இயலாது. ஹைபேக் சாய வேண்டிய இடத்தில் மலை இருக்கும். மேட்டுப்பக்கம் திரும்பி மண்டியிட்டுத்தான் மாட்ட வேண்டும். அறுவை செய்த முழங்காலோடு மண்டியிடுவதை நண்பர் எண்ணிப் பார்க்கட்டும். நான் இரண்டு குளிர்காலங்கள் ஜப்பானின் ஹொக்கைடோவில் வேலை செய்தபோது, இடுப்பளவுப் பொடிப்பனியில் இந்தப் பைண்டிங்கைத் திறக்க முதலில் சுற்றிலும் பனியை மிதித்துக் குழி செய்ய வேண்டியிருந்தது. ஆஃப்ரிஸ்கியில் அந்தத் தொல்லை வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு நேரடியாக நேர்ந்தது. குதிகால் கிண்ணத்தில் விரற்கடை அளவு பனி இறுகியிருந்தாலும் ஹைபேக் முழுவதும் நிமிராது. அதைப் பார்க்காமல் லிவரை வலிந்து அழுத்தியதில், மலைமேல் என் கேபிள் அறுந்தது. இரண்டு பட்டை கொண்ட பைண்டிங்கில் ஒரு பல்பட்டை அறுந்தால் வாடகைக் கடையில் ஏதேனும் ஒன்றை வாங்கி ஒப்பேற்றலாம். இந்தக் கேபிளோ அந்தந்த வடிவத்துக்கே உரியது. வெளிநாட்டிலிருந்து அது வந்து சேர்வதற்குள் நம் நாட்டில் பனிப்பருவமே முடிந்துவிட்டது. எடையும் பொதுவாகச் சற்றுக் கூடுதல்.

கடைசியாக ஒன்று: இடது முழங்கால் வலிப்பதற்கு உட்கார்ந்து எழுவது மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? டி-பாரில் போகும்போது பலகை முன்காலோடு மட்டுமே பூட்டியிருக்கிறது. பாதம் பக்கவாட்டில் பூட்டியிருக்க, உடல் மேலே நோக்கித் திரும்புகிறது. அந்த முறுக்கல் எந்தப் பைண்டிங்காலும் தீராது. முன்கால் கோணத்தைச் சில பாகைகள் பலகையின் முன்நுனிப் பக்கம் திருப்பிப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா எழுதியது:

என் கணவர் இந்தப் பைண்டிங் வாங்கியபோது, கால்கட்டு ஒன்றே போதாதா என்று கேட்டேன். இப்போது நானும் அதையே போடுகிறேன்.

தம்பி, லிவர் இருக்கும் இடத்தை மறக்க வேண்டாம். அது குதிகாலுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் குனிவதைவிடப் பின்னால் கை நீட்டித் திருகுவது சிலருக்குக் கடினம். முதுகுப் பிடிப்பு உள்ள என் கணவர் இன்றும் அதற்காக முனகுவார். வாங்குவதற்கு முன் பூட்ஸை எடுத்துச் சென்று, பனியுடையும் கையுறையும் அணிந்து, நின்றபடி பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குனியவே கூடாது என்றால் வேறு வழிகளும் உள்ளன. பர்ட்டன் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆனில் பட்டையே கிடையாது. பூட்ஸ் அப்படியே மிதித்துப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும் என்பதால், உங்கள் பூட்ஸ் வீணாகிவிடும். நிடெக்கரின் சூப்பர்மேட்டிக் எந்தப் பூட்ஸையும் ஏற்கும். குதிகாலால் மிதித்தால் ஹைபேக் தானாக நிமிர்ந்து பூட்டும். விலைதான் நம்மை மிதிக்கும்.

டர்பன்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முறுக்கல் பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மேலே போய்ச் சேரும்போதே கால் கனத்திருப்பது உண்மைதான், நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. கோணத்தை மாற்றப் போகிறேன். ஆயினும் ஈரக் கால்சட்டையோடு பனியில் உட்கார்வது அலுத்துவிட்டது. பைண்டிங்கையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன். அமைக்கும் முறையை யாரேனும் சொல்ல முடியுமா?

மலைப்பித்தன் (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

பார்க்கப் போகும்போது, கேபிள் லிவரில் நுழையும் இடத்தில் ஓர் இழையேனும் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிரிந்திருந்தால் வாங்க வேண்டாம். பைண்டிங்கைப் பலகையோடு பொருத்தும் நடுவட்டும் நான்கு திருகாணிகளும் உடன் இருக்க வேண்டும். நீங்கள் பொருத்தப்போகும் பலகையில் துளைகளுக்குப் பதிலாக நீளப் பள்ளம் இருந்தால், அதற்கு ஏற்ற வட்டு தனியாக வேண்டும். வாடகைப் பலகையில் உங்கள் பைண்டிங்கைப் பொருத்தித் தருவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அமைக்கும்போது, பூட்ஸின் நாடாவை மலையில் கட்டும் அளவுக்கே இறுக்கிக் கட்டி, முதலில் பட்டையைத் தளரவிட்டுக் காலை நுழைத்து ஹைபேக்கைப் பூட்டுங்கள். குதிகால் கிண்ணத்தில் முழுமையாக அமர்ந்த பிறகு, பூட்டியபடியே பட்டையை இருபக்கமும் சமமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பாதம் ஓரம் ஒதுங்கிவிடும். லிவர் உள்ளங்கை அழுத்தத்தில் மூட வேண்டும், முழங்கையால் குத்த வேண்டிய நிலை வரக் கூடாது. டர்பன் வெயிலில் அமைத்தது 3,000 மீட்டர் உயரத்துக் குளிரில் அப்படியே இராது. முதல் இரண்டு இறக்கங்களுக்குப் பின் ஓரிரு பல் மாற்ற நேரிடும். அங்கே பிற்பகலில் இளகும் பனி நிழல் விழுந்ததும் அடித்தட்டில் கல்லாகிவிடுகிறது. அதைச் சுரண்ட நான் ஒரு பழைய பல்துலக்கியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இருபட்டைக்காரன் தம்பியிடம் அன்று அது இருந்திருந்தால் கேபிள் பிழைத்திருக்கும்.