ஆச்சியின் தகரப் பெட்டி

(குழு: பாளையங்கோட்டை வீடு)

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வருகிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் பின்கட்டு அறை காலியாக வேண்டும். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியையும் போட்டுவிடலாம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

செந்தில்: எனக்கு இல்லை பெரியப்பா.

பாலு சித்தப்பா: எனக்கு உண்டு அண்ணன். அதில் இருப்பவை அம்மா பைண்டு செய்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசை போட்டு அட்டை ஒட்டுவாள். எடைக்குப் போட எப்படி மனம் வருகிறது?

மீனா: நேற்றுத் திறந்து பார்த்தேன் சித்தப்பா. அடியில் ‘பொன்னியின் செல்வன்’, மணியத்தின் படங்களோடு. ஒரு பக்கத்தின் பின்னால் பாதித் துணுக்கு இருக்கிறது, மீதியைக் காணவில்லை.

பெரியம்மா: பெட்டியில் பூச்சிதான் இருக்கும். முதலில் வெண்கல உருளியைத் தேடுங்கள்.

விஜயா அத்தை: உருளி என்னிடம் இல்லை மதினி. போன பொங்கலுக்கே சொல்லிவிட்டேன்.

செந்தில்: ஆச்சி கதை படிப்பார்களா? எனக்குத் தெரிந்து ‘மெட்டி ஒலி’தான்.

அம்மா: ஒரு நாள் விட்டதில்லை. மாணிக்கம் திரையில் வந்தாலே ஆச்சி திட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பெரியம்மா: சரோஜா அழுதால் அன்றைக்குச் சாப்பாடும் இறங்காது.

பாலு சித்தப்பா: 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்தது. தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றும் சிதம்பரத்தின் கதை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் கூனிக் குறுகி நிற்கும் தகப்பனை நம் தெருவிலேயே எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதனால்தான் அம்மா அழுதாள். அதற்கு வெகுகாலம் முன்பே ஜெயகாந்தனுக்கும் இப்படித்தான் அழுதாள். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, சீரழிந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள், பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமானவள் என்று அணைத்துக்கொள்கிறாள். அந்த முடிவு பல வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. சரி, அந்தத் தாய் ஊரைக் கூட்டியிருந்தால் மகளின் கதி என்ன என்று கேட்டு அவரே எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அம்மா கதையையும் நாவலையும் ஒரே அட்டைக்குள் தைத்துவைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செந்தில்: இவ்வளவு நீளமா சித்தப்பா!

அம்மா: வாழை இலைக்கு யார் சொல்கிறீர்கள்?

பெரியப்பா: நான்.

விஜயா அத்தை: பாலு, நீ அப்போது விடுதியில் இருந்தாய், உனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டைவிட்டுத் துணிப்பெட்டியோடு வந்து நின்ற இரவு அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. வெந்நீர் போட்டாள். “குளித்துவிட்டு வா, சோறு ஆறுகிறது” என்றாள். மறுநாள் தெருவில் கேட்டவர்களிடமும் “என் மகள் வந்திருக்கிறாள்” என்றாள், அவ்வளவுதான். பல மாதம் கழித்து அந்தப் புத்தகத்தை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் அந்த நாட்களில் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதைப் பேச இப்போது வரவில்லை. அது ஒன்றையாவது விட்டுவிடுங்கள்.

மீனா: நான் இப்போதே தனியாக எடுத்து வைக்கிறேன் அத்தை.

அம்மா: விஜயா, இன்று இரவு போன் செய்கிறேன்.

பெரியப்பா: விஜயா, அது உனக்குத்தான். எடுத்துக்கொள் அம்மா.

பெரியப்பா: மற்றதை என்ன செய்வது?

பாலு சித்தப்பா: மற்றதும் எடைக்கு இல்லை. நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: உன் சென்னை வீட்டில் பீரோ வைக்கவே இடமில்லை.

பெரியம்மா: நூலகத்துக்குக் கொடுக்கலாமே.

செந்தில்: அப்படியானால் பேப்பர்காரரை வரச் சொல்லவா, வேண்டாமா?

பெரியப்பா: வரட்டும். தினத்தாளை மட்டும் போடலாம். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

பாலு சித்தப்பா: சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். நான் வரும்வரை யாரும் பரணில் ஏற வேண்டாம்.

அம்மா: டிக்கெட் உறுதியாகிவிட்டதா?

பாலு சித்தப்பா: காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது மதினி.